ஜோபர்கிலிருந்து டர்பனுக்குக் கைக்குழந்தையோடு காரில் போகலாமா?

ஊரிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்து எட்டு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐந்து மாதக் கைக்குழந்தை, இரண்டரை வயதில் ஒரு பெண். ஈஸ்டர் லீவில் டர்பன் போய் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவைப் பார்க்க வேண்டும், டிசம்பரில் முடிந்தால் கேப் டவுன். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடும், விடிவதற்குள் கடற்கரை என்று ஆபீசில் யாரோ சொன்னார்களாம். அழுதால் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்ளலாமா, தூங்க ஏதாவது சிரப் கொடுக்கலாமா என்பதும் கேள்வியில் இருக்கிறது.

போகலாம் தம்பி, தாராளமாகப் போகலாம். ஆனால் ராத்திரி வேண்டாம், மடி வேண்டாம், சிரப் வேண்டவே வேண்டாம்.

நான் தூத்துக்குடிக்காரி. குடித்தனம் ஜோபர்கை ஒட்டிய மிட்ராண்டில், மாமியார் வீடு டர்பன் சாட்ஸ்வொர்த்தில். தீபாவளி, காவடி, ஆடிக் கூழ், அத்தைக்கு முழங்கால் வலி என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகப் பதினோரு வருஷமாக அந்த என்-3 சாலையில் போய் வந்துகொண்டிருக்கிறோம். அதில் முதல் ஆறு வருஷம் பின்சீட்டில் எப்போதும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘விடிவதற்குள் கடற்கரை’ என்ற கணக்கு. ஜோபர்கிலிருந்து டர்பன் சுமார் 570 கிலோமீட்டர். தனியாக ஒருத்தர் ஓட்டினால் ஆறு மணி நேரம் சரிதான். உங்களுக்கு அது ஒன்பது மணி நேரப் பயணம். இதை இப்போதே மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டர்பனில் காத்திருப்பவர்களிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால் போச்சு, அந்த ஒரு வார்த்தைக்காக நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுவீர்கள். நாங்கள் ஓட்டியிருக்கிறோம்.

ஏன் ஒன்பது? கைக்குழந்தையின் சீட் சாய்வாக, பாதி உட்கார்ந்த வாக்கில் இருக்கும். குழந்தைக்குக் கழுத்து நன்றாக நிற்காத வயதில், தூங்கும்போது தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் நெருக்கப்படும். சத்தம் எதுவும் வராது, அதுதான் பயம். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது குழந்தையைச் சீட்டிலிருந்து வெளியே எடுத்து, மட்டமாகப் படுக்க வைத்துக் கை காலை உதறிக்கொள்ள விட வேண்டும் என்கிறார்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை, குறை மாதத்தில் பிறந்த குழந்தை என்றால் அரை மணி நேரமே அதிகம், அந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், பார்க்க வேண்டியவர்கள்தான் இங்கே வரட்டுமே. உங்கள் பிள்ளைக்கு ஐந்து மாதம் என்பதால் இரண்டு மணிக் கணக்குப் போதும். அப்படி மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றும் முக்கால் மணி, அதற்கு மேல் ‘இப்போதே நாப்பி மாற்றியாக வேண்டும்’ என்று நம்மைக் கேட்காமல் வரும் நான்காவது நிறுத்தம்.

தூங்கும் குழந்தையை எழுப்ப மனசு வராது, தெரியும். நெடுஞ்சாலையில் நன்றாகத் தூங்குகிறதென்றால் பத்து இருபது நிமிஷம் தள்ளிப் போவதில் குற்றமில்லை, பக்கத்தில் ஒருவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை. ஆனால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் ‘தூங்குது, எழுப்பாதே’ என்று சீட்டோடு தூக்கிக்கொண்டு போய் ஹாலில் வைக்கிறார்களே, அதைச் செய்யாதீர்கள். வண்டி நின்றதும் சீட்டின் வேலை முடிந்தது.

இப்போது மடி விஷயம். சட்டம் சொல்வது இது: 2015 ஏப்ரல் 30 முதல் இந்த நாட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை காரில் வந்தால் அதற்கான சீட்டில் கட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேருமே அந்தக் கணக்கில் வருகிறார்கள். சட்டத்தை விடுங்கள். ஏழு கிலோ குழந்தை, நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதும் கணத்தில் நம் கைக்கு ஏழு கிலோவாக இருக்காது, எந்தத் தாயின் பிடியும் அதைத் தாங்காது. பெல்ட்டுக்குள் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது இன்னும் மோசம், அம்மாவின் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும்.

இதை இவ்வளவு கறாராகச் சொல்ல எனக்குத் தகுதி எப்படி வந்தது என்றால், நானே செய்து பார்த்ததால். மூத்தவனுக்கு ஏழு மாதம். பெரிய வியாழன் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம், அதுவே முதல் முட்டாள்தனம், ஜோபர்கில் பாதிப் பேர் அதே நேரத்தில் அதே ரோட்டில்தான் இருந்தார்கள். ஹைடல்பர்க் தாண்டியதும் ஆலங்கட்டி மழை. வார்டனுக்கு முன்னால் அவன் அழ ஆரம்பித்தான், அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை, முகமெல்லாம் நீலம். அவிழ்த்து மடியில் எடுத்துப் பால் கொடுத்தேன். அமைதியானான். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, முன்னால் போன லாரி பிரேக் போட, இவரும் போட, நான் முன்சீட்டின் முதுகில் போய் முட்டினேன், அவன் தலைக்கும் சீட்டுக்கும் நடுவில் என் முழங்கை இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் மட்டும் ஒரு வாரம் நீலம் இருந்தது. அதற்குப் பிறகு வண்டி ஓடும்போது எந்தக் குழந்தையையும் நான் அவிழ்த்ததில்லை, அத்தை ‘பச்சப் பிள்ளைய இப்படிக் கட்டிப் போட்டிருக்கியே’ என்று சொல்லும்போதும்.

அழுதால் என்ன செய்வது என்றால், நிறுத்துவதுதான். எங்கே என்பதில் இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நம் ஊரில் போல ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புவது இங்கே நடக்காது. ரோட்டோரத்தில் நிற்கும் வண்டி திருடர்களுக்கும் சுளுவு, பின்னால் வரும் லாரிக்கும் குறி. பெட்ரோல் பங்க்குக்குள் போய்த்தான் நிற்க வேண்டும். (இங்கே அதைக் கராஜ் என்பார்கள், மெக்கானிக் கடை என்று நினைத்துக்கொண்டு நான் முதல் மாதம் முழித்தேன்.) என்-3 இந்த விஷயத்தில் நல்ல ரோடு, பெரிய கராஜ்கள் அடிக்கடி வரும், சாப்பாட்டுக் கடையோடு, சுத்தமான கழிவறையோடு, பல இடங்களில் குழந்தை விளையாட ஒரு சறுக்கும். அழுகை ஆரம்பித்த இடத்திலிருந்து அடுத்த கராஜ் இருபது நிமிஷ தூரம் என்றால் அந்த இருபது நிமிஷமும் அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பாடுங்கள். அழுது மூச்சு விடும் குழந்தை பத்திரமாக இருக்கும் குழந்தைதான்.

சீட் வாங்கும்போது இரண்டே விஷயம். கைக்குழந்தை பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், புதிய ஐரோப்பியத் தரப்படி குறைந்தது பதினைந்து மாதம் வரை, சீட் இடம் கொடுத்தால் அதற்கு மேலும். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் அப்படி வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடித்து அறையும் வேகம் அந்தச் சீட்டின் முதுகில்தான் விழும். இன்னொன்று, தெரியாதவர் விற்கும் பழைய சீட்டை வாங்காதீர்கள். ஒரு விபத்தில் இருந்த சீட் வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும். புதுசு வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு வீல் வெல் என்று இங்கே ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது, பழைய சீட்டுகளை வாங்கிச் சுத்தம் செய்து, சரிபார்த்து, முடிந்த நன்கொடைக்குக் கொடுக்கிறார்கள். சின்னவனுக்குச் சிறிசாகிப் போன சீட்டை நாங்கள் அங்கேதான் கொடுத்தோம். பெல்ட்டைத் தோள்பட்டையில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், துணி மடிந்து விரலில் சிக்கினால் லூசு. அதிகாலைக் குளிருக்குத் தடிமனான ஜாக்கெட் போட்டு அதன் மேல் பெல்ட் போடாதீர்கள், ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று மோதலில் அமுங்கிப் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். பெல்ட்டைப் போட்டுவிட்டு மேலே போர்வையை மூடுங்கள்.

ராத்திரிப் பயணம் ஏன் வேண்டாம் என்கிறேன்? பிள்ளைகள் தூங்கும், வாஸ்தவம். தூங்கக் கூடாதவருக்கும் தூக்கம் வருமே. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, லாரிகள் வரிசையாகப் போகும் அந்த ரோட்டில், வான் ரீனன் கணவாயில் மூடுபனி இறங்கியிருக்கும்போது ஓட்டிப் பார்த்தால் தெரியும். நடு ராத்திரி வண்டி மக்கர் செய்தால் இரண்டு பிள்ளைகளோடு இருட்டில் நிற்க வேண்டும். அதற்குப் பதில் முந்தின நாள் ஒன்பது மணிக்குப் படுத்து, காலை நாலரைக்குக் கிளம்புங்கள். பிள்ளைகளை நைட் டிரஸ்ஸோடு தூக்கிக் கட்டினால் ஆறரை வரை தூங்குவார்கள். ஓட்டுபவர் தூங்கி எழுந்தவராக இருப்பார். கோடையில் ஹைவெல்ட் (ஜோபர்க் இருக்கும் மேட்டுநிலம்) பக்கம் இடி மழையும் ஆலங்கட்டியும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அதற்குள் நீங்கள் மலை இறங்கியிருப்பீர்கள். கிளம்பும் நாள் பெரிய வியாழன் வேண்டாம், புதன் அல்லது வெள்ளி விடிகாலை. திரும்பும் நாள் ஈஸ்டர் திங்கள் வேண்டாம், செவ்வாய்க்கிழமை ஒரு நாள் லீவு போடுங்கள்.

நிறுத்தங்களை இப்படிப் பிரிக்கலாம். வில்லியர்ஸ் பக்கம் ஒன்று, அப்போதுதான் விடிந்திருக்கும். அடுத்தது ஹாரிஸ்மித், ஏறக்குறைய பாதி வழி. மூன்றாவது மூய் ரிவர் அல்லது அதற்கு முன்பே எஸ்ட்கோர்ட். ஹாரிஸ்மித்தில் ஒரு மணி நேரம்கூட இருங்கள், ஏனென்றால் அதைத் தாண்டியதும் வான் ரீனன் இறக்கம். ஜோபர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது, போய்ச் சேருவது கடற்கரையில். அந்த உயரம் முழுவதையும் சில மணி நேரத்தில் இறங்குகிறோம், அதில் கணவாயும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னால் வரும் டவுன் ஹில்லும் சட்டென்று இறங்கும். நமக்கு எச்சில் விழுங்கினால் காதடைப்பு விட்டுவிடும். குழந்தைக்கு அப்படி வேண்டுமென்றே விழுங்கத் தெரியாது, காரணமே இல்லாமல் அலறுவது போல இருக்கும். இறக்கத்துக்கு முன்னால் நிறுத்திப் பசியாற்றிவிட்டால், இறங்கும்போது சப்ப ஒன்றும் வேண்டாமென்று துப்பிவிடும். அதனால் ஹாரிஸ்மித்தில் வயிற்றை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் பாக்கி வையுங்கள், சூப்பானையோ பாட்டிலையோ கணவாயில் வாயில் கொடுங்கள். பெரியவளுக்கு ஸ்ட்ரா போட்ட தண்ணீர். எங்களுக்கு இது பிடிபட நாலு பயணம் ஆனது, அதுவரை அந்த இடத்தில் ஏதோ திருஷ்டி என்று அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டவுன் ஹில் வளைவுகளில் பெரியவள் வாந்தி எடுக்கக்கூடும். இரண்டு வயதுக்குக் கீழே பயணக் குமட்டல் அபூர்வம், அதற்கு மேல்தான் தொடங்கும். குனிந்து டேப்லெட் பார்த்தால் நிச்சயம் வரும், அதை மலைப்பகுதியில் மட்டுமாவது பிடுங்கி வையுங்கள். மூய் ரிவரில் பாலும் ஐஸ்கிரீமும் வேண்டாம், காய்ந்த பிஸ்கட், இரண்டு வாய் இட்லி போதும். ஒரு செட் துணி, ஈரத்துணி, ஒரு பிளாஸ்டிக் பை மூன்றும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியில் மூன்று பெட்டிக்கு அடியில் நாப்பியை வைத்துவிட்டு, மழையில் பெட்டிகளை இறக்கித் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

சிரப் கேட்டீர்கள். சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் மருந்தில் தூக்கம் வரும் என்று பலர் கொடுக்கிறார்கள். அந்த வயதில் அது மூச்சைக் குறைக்கலாம், சிலருக்கு நேர்மாறாகத் துள்ளலும் அழுகையுமாக ஆகும். ஏற்கெனவே சாய்ந்த சீட்டில் தலை தொங்கித் தூங்கும் குழந்தைக்கு அதையும் சேர்த்துக் கொடுப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பனாடோ (பாராசிட்டமால்) சிரப் ஒன்று பையில் இருக்கட்டும், காய்ச்சலுக்கு, எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு மூடியில் எழுதி ஒட்டி. ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், சூப்பானில் தடவிக்கூட வேண்டாம். ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்குத் தண்ணீரும் தேவையில்லை, வெயிலில் அடிக்கடி பால் கொடுத்தால் போதும். பெரியவளுக்கு வழியில் வயிற்றுப்போக்கு வந்தால், இங்கே கிளினிக்கில் சொல்லிக் கொடுக்கும் கணக்கு: சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கைக்குழந்தைக்கு வந்தால் பால் கொடுத்துக்கொண்டே நேராக டாக்டரிடம் போய்விடுங்கள். ஆபத்து என்றால் மொபைலில் 112, ஆம்புலன்சுக்கு 10177.

பால் பவுடர் கொடுப்பதாக இருந்தால் வீட்டிலேயே கலந்து எடுத்துப் போகாதீர்கள், கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பவுடரை அளந்து தனித்தனி டப்பாவில், வெந்நீரை ஃபிளாஸ்கில், கலந்து நன்றாக ஆற வைத்துக் கொடுங்கள். எடுத்து வைத்த தாய்ப்பால் ஐஸ் கட்டியோடு கூலர் பையில் ஒரு நாள் வரை இருக்கும்.

பெரியவர்கள் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, புளியோதரையும் உருளைக்கிழங்கும் இல்லாமல் எந்தத் தமிழ்க் குடும்பம் கிளம்பியிருக்கிறது? இங்கே ஆப்பிரிக்கான்ஸ்காரர்கள் அதையே பாட்கோஸ் என்கிறார்கள், வழிச்சோறு. ஈஸ்டருக்கு அப்புறம் குளிர் காலம் முழுக்க வழியெங்கும் ‘நார்ச்சி’ விற்பார்கள், உரித்துத் தின்னும் சின்ன ஆரஞ்சு. அந்தப் பெயரே நம் நாரத்தையிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன, என் மகன் இதை டோல் கேட்டில் இருக்கும் ஆட்களிடமெல்லாம் சொல்வான். பெரியவளுக்கு விதையும் தோலும் எடுத்துவிட்டு, வண்டி நின்றிருக்கும்போது கொடுங்கள். திராட்சை நீளவாக்கில் நாலாக. கடலை, பாப்கார்ன், பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி மூன்றும் ஓடும் வண்டியில் கூடாது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை சத்தமில்லாமல் புரையேறினால் ஓட்டுபவருக்குத் தெரியாது.

மலைப்பக்கம் குளிர்கால எச்சரிக்கையும் ஒன்று. 2024 செப்டம்பரில் வான் ரீனன், ஹாரிஸ்மித், வார்டன் பக்கம் கொட்டிய பனியில் என்-3 மூடப்பட்டு, நிறைய வண்டிகள் ராத்திரி முழுக்க ரோட்டிலேயே நின்றன. செப்டம்பர் என்றால் இங்கே வசந்தம், பலர் எதிர்பார்க்கவில்லை. அதிலிருந்து நாங்கள் எந்த மாதம் போனாலும், தேவைக்கு மேல் பன்னிரண்டு மணி நேரத்துக்கான பாலும் நாப்பியும் கம்பளியும் வைத்துக்கொள்கிறோம், டீசலையும் பாதிக்குக் கீழே விடுவதில்லை.

கேப் டவுன் வேறு கதை. சுமார் 1,400 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டினோம் என்று பெருமை பேசுபவர்கள் பின்சீட்டில் பெட்டியை வைத்து ஓட்டியவர்கள். உங்களுக்கு மூன்று பகல், இரண்டு ராத்திரி. முதல் ராத்திரி கோல்ஸ்பர்க், 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அது அதிகம் என்றால் ப்ளூம்ஃபோன்டெய்ன், 400. இரண்டாவது போஃபர்ட் வெஸ்ட். இடையில் கரூ என்ற வறண்ட பிரதேசம், பார்க்க அழகு, ஆனால் கராஜுக்கும் கராஜுக்கும் இடைவெளி அதிகம், டிசம்பரில் அனல். கிளம்பும் முன் ஏசியைச் சரிபார்த்துவிடுங்கள், ஜன்னலுக்கு ஒட்டும் நிழல் திரை வாங்குங்கள். ‘இதோ ஒரு நிமிஷம்’ என்று காரில் பிள்ளைகளை விட்டுவிட்டு யாரும் இறங்கக் கூடாது, பத்து நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். டிசம்பரில் சின்னதுக்கு ஒரு வயதும் சொச்சமும் ஆகியிருக்கும், தவழ்ந்து நடக்கும் வயது, அது கைக்குழந்தையைவிடக் கஷ்டம். என்னைக் கேட்டால் கேப் டவுனுக்கு இந்த வருஷம் விமானம்தான்.

யாராவது அப்படியே க்ரூகர் பார்க்கையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்பார்கள். மழைக்காலத்தில் அங்கே மலேரியா உண்டு, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. பிள்ளைகள் வளரட்டும், சிங்கம் எங்கேயும் போய்விடாது.

கடைசியாக, கோவிலுக்குப் போகிறவர்கள் என்பதால் சொல்கிறேன். தேங்காய், பித்தளைச் செம்பு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் வைத்துப் போகும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. பிரேக் போட்டால் அவை நேராகப் பிள்ளைகளின் தலைக்குத்தான் வரும். எல்லாம் டிக்கியில், பெட்டிகளுக்கு நடுவே இறுக்கமாக. திரும்பி வரும்போது அத்தை கொடுத்தனுப்பும் மாங்காய் ஊறுகாய் பாட்டிலும் அப்படித்தான், நிமிர்த்தி, துண்டில் சுற்றி. எங்கள் பழைய காரை விற்கும்போது வாங்க வந்தவர் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, உள்ளே என்ன சமைத்தீர்கள் என்பதுதான்.